படத்தின் சொந்தக்காரி

ஜெகதாப்பட்டினத்தில் இணைய சேவைக் கடை வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, மீனவர் அட்டை என்று ஊருக்கே விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து அலுத்துப்போனவன். மிச்ச நேரத்தில் 'கரைப்பலகை' என்று ஒரு சின்ன இணையதளம் நடத்துகிறேன். அன்றைய மீன் விலை, காற்று எச்சரிக்கை, இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட படகுகளின் எண், அதில் போனவர்களின் பெயர், அவ்வளவுதான். எண்ணூறு பேர் பார்த்தால் அது பெரிய நாள். இதைப் பார்த்து ஒரு கம்பெனி பயப்படும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மே மாதம் பன்னிரண்டாம் தேதி, ஊருக்கு வெளியே இருக்கிற இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் ஷெட்டில் அமோனியா கசிந்தது. இறால் உரிக்கிற பெண்களில் ஆறு பேர் மயங்கி விழுந்தார்கள். கம்பெனி அதை வெயில் மயக்கம் என்றது. கேட்டுக்கு வெளியே மணலில் ஆறு பேரும் கிடக்க, மற்றவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவருகிற படம் ஒன்று எனக்கு வந்தது. வெயிலுக்கு யாராவது மூக்கைப் பொத்துவார்களா?

படத்தை எடுத்தது அதே ஷெட்டில் வேலை பார்க்கிற முனியாயி அக்கா.

"எம் பேரு மட்டும் வேணாம் தம்பி. வேன் வீட்டுப் பக்கமே வந்து ஏத்திக்கிட்டுப் போகுது. இத விட்டா எனக்கு வேற வேலை இல்ல" என்றார்.

பெயரில்லாமல்தான் போட்டேன். இரண்டே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள், என் தளத்துக்கு இடம் கொடுத்திருக்கிற வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து மெயில். அன்புள்ள அருள்தாஸ், நீங்கள் போட்டிருக்கும் படம் வேறொருவருக்குச் சொந்தமானது என்று காப்புரிமைப் புகார் வந்திருக்கிறது, அந்தப் பக்கத்தை முடக்கியிருக்கிறோம். புகார் கொடுத்தவர் கம்பெனியின் வக்கீல். ஆதாரமாக அவர் காட்டியது நான் கேள்வியே பட்டிராத ஒரு செய்தித் தளம். அதில் கோடை வெப்பம் பற்றி ஒரு கட்டுரை, நடுவில் அக்கா எடுத்த படம், மேலே மே மூன்றாம் தேதி. அதாவது, மயங்கி விழுவதற்கு ஒன்பது நாள் முன்பே அந்த ஆறு பேரும் மயங்கி விழுந்து போட்டோவும் எடுத்துக்கொண்டார்களாம்.

இதை எழுதி அனுப்பினேன். உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே நன்றி. அங்கே மனிதர் யாரும் இல்லை என்று புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் அதே படத்தின் மேல் இரண்டாவது புகார் வந்தது, பிறகு மூன்றாவதும். மறுப்புப் படிவம் கொடுக்காவிட்டால் தளத்தையே மூடிவிடுவார்களாம்.

படிவம் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. என் தொழிலே அதுதானே. எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. கேட்டதற்கு மேல் இணைத்தால் விண்ணப்பம் திரும்பி வராது. அக்காவைக் கூப்பிட்டு, படம் தான் எடுத்தது என்று அவரிடம் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஆதார் நகல், போன் நம்பர், தேதியும் நேரமும் உள்ள அசல் படம் எல்லாவற்றையும் சேர்த்தேன்.

"இது கம்பெனிக்குப் போயிருமா தம்பி?"

"கம்பெனிக்கு ஏன்க்கா போகுது? வெளிநாட்டு ஆபீசுக்கு."

கடைசியில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. வழக்கம்போல டிக் அடித்து அனுப்பினேன்.

அனுப்பிய ஐந்தாம் நாள் காலையில் அக்கா கடைக்கு வந்தார். வேலை நாளில் அவரை அந்த நேரத்தில் பார்த்ததே இல்லை.

"வேன் நிக்காமப் போயிருச்சு. ஷெட்டுக்கு நடந்து போனேன். லிஸ்ட்ல பேரு இல்லைங்கறாங்க. வெளிநாட்டுக்குன்னு எழுதிக் குடுத்தியே, அந்தப் பேப்பர அப்படியே கையில வச்சிருக்காரு சூப்பர்வைசர்."

அப்புறம்தான் அந்தக் கட்டத்துக்கு எதிரே இருந்த வரியைப் படித்தேன். இந்தப் படிவத்தின் முழு நகல் புகார்தாரருக்கு அனுப்பப்படும் என்று இருந்தது. ஒளிக்கவில்லை, தெளிவாகவே எழுதியிருந்தார்கள். கம்பெனிக்கு வேண்டியிருந்தது படம் இல்லை, எடுத்தவர் யார் என்பதுதான். மூன்று நோட்டீஸ் போட்டும் தெரியாததை, நான் ஆதாரோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

"தப்பு என்னோடதுக்கா" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

மூன்று வாரம் கழித்து மெயில் வந்தது. புகார்தாரர் வழக்குத் தொடரவில்லை, உங்கள் பக்கம் மீண்டும் திறக்கப்பட்டது. ஜெயித்துவிட்டேன். தெரிந்தவர்கள் போன் செய்து பாராட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலமே முனியாயி அக்கா வந்தார். கோட்டைப்பட்டினம் வரை நாலு ஷெட்டில் வேலை கேட்டாராம். போட்டோ எடுத்த பொம்பளையா என்று கேட்டு எல்லோரும் அனுப்பிவிட்டார்களாம்.

"அந்தப் படத்தத் தூக்கிரு தம்பி."

"இனிமே அத யாரும் தூக்க முடியாதுக்கா. நம்ம ஜெயிச்சிட்டோம்."

"அது என் படம்தான?"

"ஆமாக்கா."

"அப்ப நான் சொன்னாத் தூக்கலாம்ல?"

வந்த புகார்களிலேயே இது ஒன்றுதான் உண்மையானது. கேட்பவர் உண்மையிலேயே சொந்தக்காரி, ஆதாரம் எதுவும் தேவையில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்க, படத்தை நீக்கினேன்.

"அந்தப் பக்கத்த ஒரு பிரிண்ட் போட்டுக் குடு. படம் இல்லன்னு சூப்பர்வைசர்கிட்டக் காட்டணும்."

அப்படிக் காட்டினாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பிரிண்டர் தாளை வெளியே தள்ளியது. மேலே தலைப்பு, தேதி. கீழே வெள்ளை. அதை மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, அக்கா ஷெட் இருக்கிற பக்கமாக நடந்தார்.