டிலிஸின் பாவாடையில் ஒரு திறப்பு

1
இக்கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வேல்ஸ் நாட்டுச் சிறு நகரின் பொது மண்டபத்தில் ஆண்டுதோறும் பழங்கால உடை நடனம் நடக்கும். அங்கே ஒரு பெண்மணி தம் இடுப்பைத் தாமே தடவித் தேடிக்கொண்டிருக்கக் கண்டேன். மூட்டைப்பூச்சி என்றே எண்ணினேன். எஞ்சியவை யாவும் கற்பனை.

தொடக்க வரி: மலைகளில் பனி இறங்கிய மாலையொன்றில்...

(விடுக. பனி எல்லாக் கதைகளிலும் இறங்குகிறது.)

2
டிலிஸ் அஞ்சல் நிலையத்தில் பணிபுரிபவர், கணவரை இழந்தவர். அந்நடனத்துக்காகக் குளிர்காலம் முழுவதும் சமையலறை மேசையில், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பாணியில் பட்டுப் பாவாடை, மேற்சட்டை, தொப்பி, கையுறை அனைத்தையும் கையாலேயே தைத்தார். ஜிப் வைத்தவரை வாசலிலேயே திருப்பியனுப்பும் ஊர் இது.

அக்காலப் பெண்கள் பையை நாடாவில் கோத்து இடுப்பில் கட்டி, அதன்மேல் பாவாடை அணிவர். கை நுழையப் பக்கத் தையலில் திறப்பு விடுவர். எவரும் காணாத அப்பைக்கும் டிலிஸ் பூவேலை செய்திருந்தார். உடுத்துமுன் அதனுள் ஒரு மோதிரத்தை இட்டார்.

மோதிரம் பேருந்து ஓட்டுநர் கிளைவ் தந்தது. "இப்ப பதில் சொல்ல வேணாங்க. சம்மதம்னா முதல் ஆட்டத்துக்குப் போட்டுக்கிட்டு வாங்க. இல்லைன்னா நான் எதுவும் கேக்க மாட்டேன்" என்றிருந்தார். டிலிஸோ அவர் கண்முன் எடுத்தணிய விரும்பினார்.

(முதல் வரைவில் கிளைவுக்கு மீசை இருந்தது. அக்கால ஆடவர் மீசை வையார் என்று டிலிஸ் மழிக்கச் சொல்லிவிட்டார். என் அனுமதியை எவரும் கேட்கவில்லை.)

3
வயலின் ஒலித்தது. கிளைவ் எதிரில் வந்து நின்றார். டிலிஸ் பக்கத் தையலைத் தடவினார். மேலிருந்து கீழ்வரை நுண்தையல். திறப்பே இல்லை.

"என்னடி நெளியிற?" என்றார் தோழி ஹேசல்.

"திறப்பு விட மறந்துட்டேன்டி. மோதிரம் உள்ள மாட்டிக்கிச்சு."

"பைக்குப் பூப்போட நேரம் இருந்துச்சு, கை போக வழிவிட நேரமில்லையாக்கும்! மறந்தியா, மனசு வரலையா?"

டிலிஸ் மீண்டும் தையலைத் தடவினார். கிளைவின் பார்வை அவருடைய வெறும் விரலில் விழுந்தது.

("சம்மதம்" என்று ஒரு சொல் சொன்னால் போதாதா என்கிறீர்கள். போதும். ஆனால் ஹேசலின் கேள்விக்கு டிலிஸுக்கே விடை தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?)

4
முடிவு அ: பாவாடையை உயர்த்தி எடுக்கிறார். (முன்வரிசையில் நகரத் தலைவர். ஆகாது.)

முடிவு ஆ: ஹேசலின் இடுப்பில் தொங்கும் கத்தரிக்கோலால் பட்டுத் துணியை... (ஐயோ, வேண்டா.)

முடிவு இ: கிளைவ் தலை தாழ்த்தி வாசலை நோக்கி...

இவ்வரியை முடிக்குமுன் டிலிஸ் குறுக்கிட்டார். "கிளைவ், எங்க போறீங்க? நில்லுங்க! ஹேசல், துணியை வெட்டிராத. தையலைப் பிரி."

"உன் தையலையா? ஒவ்வொண்ணும் எறும்புக் கண்ணளவு. ஆட்டமே முடிஞ்சிரும்!"

"முடியட்டும். மெதுவாவே பிரி."

ஹேசல் மண்டியிட்டுப் பிரிக்கலானார். ஊரார் இணையிணையாக ஆடினர். கிளைவ் ஒன்றும் விளங்காமல் திரும்பி வந்தார். "நான் நிக்கட்டுங்களா, உக்காரட்டுங்களா?"

'மெதுவாவே' என்றது பட்டின்மேல் இரக்கமா, கிளைவின்மேல் அன்பா, மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளச் சற்று அவகாசமா? டிலிஸின் மறுமொழியை எழுத எனக்குத் துணிவில்லை. என் வரியை ஒருமுறை நிறுத்தியவர் அவர். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் கிளைவின் பின்னால் ஒரு நாற்காலியை மட்டும் எழுதி வைத்துவிட்டேன்.