ஓங்கிய கை

பெற்றோர் வைத்த பெயர் வேறு. ரயில் ஊழியர்கள் அவனுக்கு வைத்த பெயர் வீராப்பு. டிக்கெட் பரிசோதகன். சங்கக் கூட்டத்தில் மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் குரல் கடைசி வரிசைவரை எட்டும். டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்ட பயணியிடம் மட்டும் அந்தக் குரல் ஏனோ தணிந்துவிடும்.

மழைக்காலம் தொடங்கும் சமயம், வேறொரு தடத்தில் ஓடிய ரயிலில் ஒருவன் அரிவாளோடு ஏறிக் கண்ணில் பட்டவர்களை வெட்டினான். தடுக்கப் போன பரிசோதகர் இறந்துபோனார். அவரும் வீராப்பும் பயிற்சிக் காலத்தில் ஒரே அறையில் தங்கியவர்கள். அடக்கத்துக்குப் போய்வந்த வீராப்பு கொஞ்ச நாள் யாரிடமும் பேசவில்லை. பேசத் தொடங்கியபோது ஒரே பேச்சுதான்: ரயிலில் வேலை செய்கிறவர்களுக்குத் துப்பாக்கி வேண்டும்.

நிர்வாகமும் அதையே யோசித்தது. ஊழியர்கள் என்ன சொல்கிறார்கள் என்று சங்கத்திடம் கேட்டது. சங்கம் வாக்கெடுப்பு வைப்பதாக அறிவித்தது.

வீராப்புக்கு எதிர்க்கட்சி அவன் அக்கா வீட்டிலேயே இருந்தது. அக்காவின் கணவர் ரயில் கார்டு. வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடியும் விளக்குமாக நிற்பவர். பெரும்பாலும் இருவருக்கும் ஒரே வண்டியில்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளம் இறங்குமுன்னே சண்டை தொடங்கிவிடும்.

"பெட்டி பூரா ஜனம் மாப்ள. வண்டி வேற ஆடுது. நீ சுடற குண்டு டிக்கெட் பாத்துட்டா உள்ள போகும்?" என்றார் அத்தான்.

"வெட்ட வர்றவன்கிட்ட என்னத்தக் காட்டச் சொல்றீங்க? என் அடையாள அட்டையையா?"

"நம்ம கையில துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சா அவன் வெறுங்கையோட வருவானா? இல்லேன்னா நம்மளோடதையே பிடுங்கிச் சுடுவான்."

"செத்தவன் உங்ககூட ஒரே ரூம்ல தங்கினவன் இல்ல அத்தான். அதான் உங்களுக்கு நியாயமா பேச வருது."

அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அக்காவுக்கு ஸ்டேஷனில் அறிவிப்பு செய்யும் வேலை. வீட்டிலும் அதே நிதானமான குரல்தான். "ரெண்டு பேரும் தண்டவாளம் மாதிரி. சேரவும் மாட்டீங்க, விலகவும் மாட்டீங்க. ஊருக்கெல்லாம் எந்த வண்டி எப்ப வரும்னு நான்தான் சொல்றேன். என் வீட்டு ஆளுங்க முழுசா வருவாங்களான்னு எனக்கு யார் சொல்றது?" என்றாள்.

துப்பாக்கி வரும்போது வரட்டும் என்று வீராப்பு ஒரு காரியம் செய்தான். பணிமனையில் கழித்துப் போட்டிருந்த ஒரு முழ நீள இரும்புக் குழாயைத் துணியில் சுற்றித் தோள்பையில் வைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. பை கனத்தது, மனசு கொஞ்சம் இலேசானது.

வாக்கெடுப்புக்கு முந்தின வாரம், காலை வண்டி. வேலைக்குப் போகிற கூட்டம். வீராப்பு நடுப்பெட்டியில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது வண்டி திடீரென்று குலுங்கி நின்றது. யாரோ அபாயச் சங்கிலியை இழுத்திருந்தார்கள். பின்னாலிருந்த பெட்டியிலிருந்து ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடிவந்தார்கள். "கத்தி, கத்தி" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

அவன் குழாயை உருவிக்கொண்டு, வருகிற கூட்டத்தைத் தோளால் விலக்கி எதிர்நீச்சல் போட்டான். அறைத்தோழனின் முகம் கண்முன் வந்தது. பயந்தான், ஆனாலும் நிற்கவில்லை.

பெட்டிக்குள் ஒரு பெண் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். அவளுக்கு அப்பால், நடைபாதையில், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள் நின்றான். உயர்த்திய கையில் நீளமான கத்தி.

"மாப்ள, அவர் இல்ல!" என்று எதிர்ப்பக்கக் கதவிலிருந்து அத்தானின் குரல் கேட்டது. கேட்டபோது குழாய் பாதி வழி வந்துவிட்டது. ஓங்கின கையை வீராப்பால் திருப்ப முடிந்தது, நிறுத்த முடியவில்லை. தலைக்கு வந்த அடி முன்கையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. கத்தி கீழே விழுந்தது.

வெட்டினவன் இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் குப்புறக் கிடந்தான். அவன்மேல் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள். கத்தியைப் பிடுங்கினவர், அது இன்னொருவர் மேல் பட்டுவிடக் கூடாதே என்று கையை உயர்த்தி வைத்திருந்தார். அவரைத்தான் வீராப்பு அடித்திருந்தான்.

அவர் முடிதிருத்துபவர், கடை திறக்கப் போய்க்கொண்டிருந்தவர். முறிந்தது வலது கை.

வெட்டினவனைப் போலீஸ் கொண்டுபோனது. பல நாள் தூக்கமில்லாமல் அலைந்தவன் என்றார்கள்; அதற்கு மேல் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. வெட்டுப்பட்ட பெண் தையல் போட்டுக்கொண்டு வீடு திரும்பினாள். வீராப்புக்கு மேலதிகாரி எச்சரிக்கை கொடுத்தார். அது அவனுக்கு உறைக்கவே இல்லை. கண்ணை மூடினால் அந்த முதுகுதான் தெரிந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டிலருகே முடிதிருத்துபவரின் மனைவி. "இவர்தானா அது?" என்றாள். ஆம் என்று கணவர் தலையாட்டியதும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

"அவ கோவம் நியாயம். எனக்கும் இருக்கு. வலி தீரட்டும்னு தள்ளி வச்சிருக்கேன்" என்றார் அவர்.

"பின்னாலேர்ந்து பாத்தேன். கத்தி மட்டும்தான் தெரிஞ்சுது" என்றான் வீராப்பு.

"கத்தி பிடிச்சவனெல்லாம் கெட்டவன்னா என் கடையில யார் தலையைக் கொடுப்பா?" அவருக்கே சிரிப்பு வந்தது, கை வலித்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு, "துப்பாக்கிக்கு ஓட்டாமே? போடுங்க. நான் பிடுங்கறதுக்குள்ள அந்தப் பொண்ணை வெட்டிட்டான். உங்ககிட்ட துப்பாக்கி இருந்திருந்தா நான் கையை நீட்டியிருக்கவே வேண்டாம்" என்றார்.

"இருந்திருந்தா நான் உங்களைத்தான் சுட்டிருப்பேன்."

அவர் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் நகர்த்தி வைத்தார். "அதுவும் வாஸ்தவந்தான்" என்றார்.

சங்கக் கூட்டத்தில் வீராப்பு எழுந்தபோது எல்லோரும் பழைய முழக்கத்தை எதிர்பார்த்தார்கள். அவன் நடந்ததை மட்டும் சொன்னான். குழாயைப் பையில் வைத்ததையும், முதுகைப் பார்த்ததையும், அத்தான் கூப்பிட்ட குரல் காதில் விழுந்தும் கை நிற்காததையும். "பயத்துல நான் பாத்தது ஒரு ஆளை இல்ல, ஒரு கத்தியை. அந்தப் பயத்தோட கையில துப்பாக்கி எனக்கு வேண்டாம்" என்று உட்கார்ந்தான். அவன் குரல் கடைசி வரிசைக்குக் கேட்காமல் போய், அங்கிருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களை விசாரித்தார்கள்.

வாக்குச் சீட்டைப் போட்டுவிட்டு வீடு திரும்பும் வழியில் அத்தான் மெதுவாக ஆரம்பித்தார். "நான் உனக்கு முன்னாடியே வந்துட்டேன் மாப்ள. கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேன். அவன் அந்தப் பொண்ணை வெட்டறான். நான் வெறுங்கையோட நிக்கறேன். அந்த நிமிஷம் ஒரு துப்பாக்கி இருந்தா சுட்டிருப்பேன், யோசிச்சிருக்கவே மாட்டேன்."

"அப்புறம் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டீங்க?"

"எந்தப் பக்கமும் போடல. சீட்டைச் சும்மா மடிச்சுப் போட்டுட்டேன்."

வீராப்பு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் அப்படி யார் கையையும் பிடித்ததில்லை.

துப்பாக்கி வேண்டாம் என்ற பக்கம் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது. நிர்வாகம் ஒவ்வொரு வண்டிக்கும் இன்னொரு பரிசோதகரையும், பெட்டிக்குப் பெட்டி ஓர் அழைப்புப் பொத்தானையும் போட்டது. போதுமா என்று கேட்டால் அக்கா, "அடுத்தது வர்ற வரைக்கும் போதும்" என்பாள்.

கட்டுப் பிரித்த பிறகும் முடிதிருத்துபவரின் விரல்களுக்குப் பழைய தெம்பு உடனே வரவில்லை. அதுவரை கடையை அவர் தம்பி பார்த்துக்கொண்டான். வேலை இல்லாத நாட்களில் வீராப்பு போய்த் துண்டு அலசிக் காயப்போட்டான். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஒரு நாள் காலை அவர் நாற்காலியைத் தட்டி, "உட்காருங்க" என்றார். கத்தியை அவர் தீட்டியபோது மனைவி, "தைரியமாத்தான் உட்கார்ந்திருக்காரு" என்று அவனைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

அவர் கை நடுங்கத்தான் செய்தது. கத்தி வீராப்பின் தாடையில் இரண்டு இடத்தில் கீறிவிட்டது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு படிகாரம் தேய்த்தார். வீராப்பு எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு, "இன்னொரு பக்கம் பாக்கி இருக்கே" என்று கன்னத்தைத் திருப்பினான்.