வேலிக்கு அந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்குத்தான் என்று ஆரோக்கியஜோசப் நினைத்திருந்தார். மனைவி சலோமி வேறு நினைத்திருந்தாள். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்ததும், திருவேட்டக்குடிக்கு விடுங்கள், ஊர்ச்சனமெல்லாம் போய்ப் பார்க்கிறது, நமக்கு மட்டும் என்ன கேடு என்றாள்.

பார்க்கப் போவது ஜோசப்பின் அப்பா அங்கே கடலோரத்தில் வைத்த சவுக்குத் தோப்பைத்தான். அவர் போன பிறகு அண்ணனும் தம்பியும் நடுவில் முள்கம்பி வேலி போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். தம்பி நெல்சன் தன் பங்கை இயற்கைக் காப்பிடமாக்கி, வருகிறவர்களுக்குப் பறவை காட்டிக்கொண்டிருந்தான். வெட்டி விற்க வேண்டிய தோப்பைக் காக்காய்க்கு எழுதிவைத்த பயல் என்று ஜோசப் அவனோடு பேச்சை நிறுத்தி ஏழெட்டு வருஷமாகிறது.

ஜோசப்பின் பங்கையோ கடல் வருஷா வருஷம் தின்றுகொண்டிருந்தது. மிச்ச மரத்தையும் மொத்தமாக வெட்டிக்கொண்டு போக வியாபாரி நாளைக்கு வருகிறார். வெட்டிவிட்டால் அப்பா தோப்பில் பாதி கடலோடு போய்விடும், அண்ணன் தம்பி உறவும் அதோடு சரி என்று சலோமிக்குத் தெரியும். அதனால்தான் இன்றைக்கே இழுத்துக்கொண்டு வந்தாள்.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். இந்த மனிதர் தம்பிக்குத்தான் அஞ்சினார். தோப்பு வாசலில் நுழையும்போதே தோள் துண்டை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டார். ஆறடி ஆளைத் துண்டு மறைக்குமா?

உள்ளே பழைய சவுக்குக்கு நடுவே புன்னையும் பூவரசும் தழைத்திருந்தன. கீழே சருகைக் கூட்டி அள்ள ஒரு நாதியில்லை. அதைப் பார்க்கவே அவருக்குக் கை துறுதுறுத்தது. கடல் பக்கம் போனால் மணலெங்கும் இராவணன் மீசைப் புல். சவுக்கு போடுகிற வீட்டில் பிறந்தவன், காலைக் குத்துகிற அந்தப் புல்லைக் கண்டால் பிடுங்காமல் நகரமாட்டான். ஜோசப் குனிந்தார். ஒரு கொத்து, இன்னொரு கொத்து, அப்புறம் கை நிறைய.

"ஏங்க, அது வரிசையால்ல இருக்கு."

சலோமி சொன்ன பிறகுதான் பார்த்தார். அது நட்டு வைத்த புல். நிமிர்ந்தால், எதிரே கூடை நிறைய புல் நாற்றோடு நெல்சன் நிற்கிறான்.

திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நெல்சனுக்கோ சிரிப்பு வந்துவிட்டது.

"நானும் மொத வருசம் பாதிய புடுங்கிட்டேண்ணே. நம்ம கை சும்மா இருக்காதுல்ல."

பிடுங்கியதை நட்டுவிட்டுத்தான் போவேன் என்று ஜோசப் மண்டியிட்டார். நெல்சனும் பக்கத்தில் உட்கார்ந்தான். குழி பறித்து, வேரை வைத்து, எழுந்து குதிகாலால் இரண்டு மிதி. இரண்டு பேருக்கும் அப்பா பழக்கிய மிதி அது.

மிதித்து நிமிர்ந்தபோது ஜோசப் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அவருடைய முன்வரிசைச் சவுக்கெல்லாம் வேர் தெரியச் சாய்ந்து கிடந்தது. இந்தப் பக்கம் புல் பிடித்த மணல் இடுப்புயர மேடாக நின்றது. இத்தனை வருஷமும் அதைக் கடலின் ஓரவஞ்சனை என்றல்லவா நினைத்திருந்தார்!

பிறகு கூடையை எட்டிப் பார்த்தார்.

"என் பக்கத்துக்கு இது பத்துமாடா?"

"பத்தாதுண்ணே. இன்னும் நாத்து போட்டுக்கலாம். வியாபாரி வர்றார்னு கேள்விப்பட்டேனே?"

"வர வேணாம்னு சொல்லிடுறேன்."

நாற்றை எடுத்துக்கொண்டு சுற்றிப் போகலாம், வாசல் வழியாக வாருங்கள் என்று நெல்சன் கூடையைத் தூக்கினான். ஜோசப் அசையவில்லை.

"எதுக்குச் சுத்தணும்? கம்பி நான் கட்டுனதுதானே," என்றார்.

முக்காட்டை உருவி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, முள்கம்பியின் முதல் முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தார்.