அளக்காமல் வாங்கிய குரல்

"அப்பாவ நேரத்துக்கு மருந்து குடிக்கச் சொல்லு" என்று போனில் வந்த குரல்செய்தியில் அம்மா முடித்தாள். செய்தி முடியவில்லை. இன்னும் இரண்டு நொடி, வேறொரு பெண் அழுதாள். "புள்ளகிட்ட சொல்லிறாதீங்க, கை ஒடஞ்சிருக்குன்னு."

யாரோ, எந்த நாட்டிலோ.

அம்மாவைப் போல வெளிநாட்டு வீடுகளில் வேலை பார்க்கும் பெண்கள் பழைய போனிலும் பேசி அனுப்பலாம் என்றுதான் எங்கள் கொழும்புக் கம்பெனி இந்தச் செயலியை நடத்துகிறது. தலவாக்கலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு முன்னறையில் இருந்து அதைப் பரிசோதிப்பது என் வேலை. இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்தேன். குரலைப் பூட்டித் திறக்கும் குறியாக்க நிரல், ஒரு செய்தி தன் நீளம் என்று எதைச் சொன்னாலும் அளந்து பார்க்காமல் நம்புகிறது. அம்மாவின் போனில் உள்ள பழைய பதிப்பு இரண்டு நொடி கூட்டிச் சொல்கிறது. எங்கள் சர்வர் நினைவகத்தில் பக்கத்தில் எது கிடந்தாலும், வேறொருவர் குரலானாலும், அள்ளி அந்தக் குறையை நிரப்பிவிடுகிறது நிரல். இதுவரை வெறும் இரைச்சல்தான் வந்தது. அம்மா பறித்த கொழுந்தை இந்தத் தோட்டத்தில் ஒருநாளாவது நிறுக்காமல் எழுதியிருப்பார்களா?

அளவு பொருந்தாததைத் தள்ளு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தால் அம்மாவிடமிருந்து எதுவும் வராது. புதிய பதிப்பு அந்தப் போனில் ஏறாது. ஹட்டனில் மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கிக் கொடுத்த மடச்சி நான்தான். அம்மா வேலை பார்க்கும் வீட்டுக்காரி வெள்ளிக்கிழமை மட்டும் போனைக் கொடுப்பாள், அழைக்க விடமாட்டாள். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம். எனக்கு அம்மா வேண்டும், அவ்வளவுதான்.

"ஒனக்கு மட்டும்தானே தெரியும்? பேசாம விட்டுரேன்" என்றார் அப்பா.

அந்த இரண்டு நொடியை அவருக்குப் போட்டுக் காட்டினேன். மறுபடி போடச் சொன்னார்.

"ஒங்கம்மா அழுறதும் இப்புடி எங்கயாச்சும் கேக்குமா?"

"கேக்கும்ப்பா."

அன்றே கம்பெனிக்கு எழுதினேன். வியாழக்கிழமை அந்த வரியைச் சேர்த்தார்கள். "நீ பேசுறது இனிமே வராதும்மா, நாங்க பேசுறத மட்டும் கேளு" என்று அம்மாவுக்கு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை, தள்ளப்பட்ட செய்திகளின் பட்டியலில் அம்மாவின் எண் வந்தது, குரல் இல்லை, நீளம் மட்டும். ஐம்பது நொடி. பிறகு இருபது. போகவில்லை என்று போன் காட்டியதும், நீளமாகப் பேசியதுதான் தவறு என்று நினைத்திருப்பாள். பிறகு ஒன்பது. அப்பா என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக மூன்று நொடி வந்தது.

அப்பா குனிந்து, திரையில் அந்த மூன்றின் மேல் விரலை வைத்து அழுத்தினார்.