ஓரகத்தியின் டாக்டர்கள்

மூத்தவளுக்கும் இளையவளுக்கும் ஆகாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். கீழே மூத்தவள், மாடியில் இளையவள். தொழிலும் ஒன்றுதான். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவு எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து அச்சு வார்த்து, பல்லுக்கு மேல் மாட்டும் கேப், பல் செட் எல்லாம் செய்து திருப்பி அனுப்புவது இவர்கள் வேலை. மூத்தவளும் அவள் புருஷனும் வீட்டின் முன்னறையையே லேபாக வைத்திருந்தார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் இளையவளுக்குக் கேப்பைத் தேய்க்கும் கிரைண்டரைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே மூத்தவள்தான்.

சில வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவள் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, தெருமுனையில ஒரு ரூம் காலியா இருக்கு. நான் தனியாச் செஞ்சு பாக்கட்டுமா?"

"தாராளமாச் செய்" என்றாள் மூத்தவள். பெருந்தன்மை எல்லாம் இல்லை. இவள் தனியாகப் போய் என்ன கிழித்துவிடப் போகிறாள் என்ற நினைப்புதான்.

கிழித்துவிட்டாள். தெருமுனை ரூம் போதாமல் பக்கத்து ரூமையும் எடுத்தாள். கிளினிக்குகளிலிருந்து அளவுகளை வாங்கி வரும் ஆள் தினமும் பத்து மணி வாக்கில் வண்டியை நிறுத்துவான். இவர்கள் வாசலில் இறங்கும் பை பட்டினி கிடந்த வயிறு மாதிரி ஒட்டியிருக்கும். தெருமுனையில் இறங்கும் பை நிறைமாதம். மூத்தவள் ஜன்னலில் நின்று அதைப் பார்க்காத நாள் கிடையாது. பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அரைமணி நேரத்துக்குக் கை வேலையில் ஓடாது.

"என்னைவிட அவ வேலையில கெட்டிக்காரியா? உண்மையைச் சொல்லுங்க" என்று புருஷனைக் கேட்டாள்.

அவர் அச்சு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தார். "இல்ல."

"அப்புறம் எப்படி?"

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்."

"எனக்கு வாய் இல்லையா?"

"இல்லாம என்ன. வாசல்படி வரைக்கும் இருக்கு. அதைத் தாண்டினா காணாமப் போயிடுது."

அது உண்மை. டாக்டர்களிடம் பேச அவளுக்கு வராது. அவளோடு தினமும் பேசுகிற டாக்டர் ஒரே ஒருவர்தான். அதையும் பேச்சு என்று சொல்ல முடியாது. வீட்டில் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். காலையில் போன் அடித்தாலே அவர்தான்.

"இது பல்லா, பட்டாணியா? ஓரம் பல்லோட பொருந்தவே இல்ல."

"நீங்க அளவு எடுத்த லட்சணத்துக்கு இதுவே அதிகம், டாக்டர்."

"என் அளவுல என்ன குறை?"

"பாதிப் பல்லுதான் பதிஞ்சிருக்கு. மீதியை நான் ஜோசியம் பாத்தா செய்யறது?"

சில நாள் அவர் மறுபடி அளவெடுத்து அனுப்புவார். சில நாள் இவள் கேப்பைத் திருப்பி வாங்கிப் பார்த்து, தன் தப்புதான் என்று தெரிந்து, முணுமுணுத்துக்கொண்டே புதிதாகச் செய்வாள். பல வருஷமாக இதே கதை. அவரைத் தனக்குப் பிடித்த ஏழரை என்றே அவள் கணக்கில் வைத்திருந்தாள்.

பல் டாக்டர்கள் சங்கம் அவ்வப்போது ஒரு ஹோட்டலில் மாலைக் கூட்டம் நடத்தும். லேப்காரர்களும் போகலாம். நாலு பேரைத் தெரிந்துகொண்டால்தானே தொழில் என்று மூத்தவள் பளபளப்பான விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு போனாள். கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார்கள், சிரித்தார்கள், அவள் தோளுக்கு மேலே வேறு யாரையோ பார்த்தார்கள். கூட்டம் கலையும்போது ஒரு கார்டு ஆடும் மேஜையின் காலுக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இளையவள் தாமதமாக, வெறுங்கையோடு வந்தாள். வந்தவள் நாலு பேரிடம் போகவில்லை. ஒரு வயதான டாக்டருக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முழங்கால் ஆபரேஷன் கதையை முழுக்கக் கேட்டாள். மூத்தவள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அருகே போய்க் காது கொடுத்தாள். லேப் என்ற வார்த்தையே அந்தப் பேச்சில் வரவில்லை. அவளுக்கு இன்னும் எரிந்தது. எதையாவது கேட்டுக் கெஞ்சினாலாவது, பார் இவள் பவுசை என்று மனசு ஆறியிருக்கும்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், மூத்தவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில்தான் போன் நன்றாகக் கேட்கும் என்று இளையவள் எப்போதும் அங்கே உட்கார்ந்துதான் பேசுவாள். கதவு ஒருக்களித்திருந்தது.

"டாக்டரம்மா, கை நடுக்கம் இன்னிக்கு எப்படி இருக்கு? ... இல்லல்ல, அளவு கலங்கினா என்ன, நானே கிளினிக்குக்கு வந்து கூட நின்னு எடுத்துடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம். நீங்க முதல்ல நரம்பு டாக்டரைப் பாருங்க."

மூத்தவளுக்கு ஆள் புரிந்தது. அந்த வட்டாரத்திலேயே பெரிய கிளினிக் அந்த டாக்டரம்மாவுடையது. அவருடைய வேலைதான் இளையவளின் பையில் பாதி. அட, இவ்வளவுதானா வித்தை என்று நினைத்துக்கொண்டாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு என்ன பெரிய சாமர்த்தியம் வேண்டும்? இதை நான் கேட்க மாட்டேனா? 'யாருக்கும் தெரிய வேண்டாம்' என்பதும் காதில் விழத்தான் செய்தது. அது விழாத மாதிரி அவள் துணியை மடித்து முடித்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு இளையவள் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல். மூத்தவள் போனாள். டாக்டரம்மா ஒரு தூண் ஓரமாக நின்றிருந்தார். அப்போதே போயிருக்கலாம். இவள் போகவில்லை. சங்கத் தலைவரும் இன்னும் இரண்டு மூன்று டாக்டர்களும் அங்கே வந்து சேர்ந்து பேச ஆரம்பித்த பிறகு, நேராகப் போய் நின்றாள்.

"டாக்டரம்மா, கை நடுக்கம் இப்பத் தேவலையா?"

பேச்சு நின்றது. டாக்டரம்மாவின் கையில் கோப்பையும் தட்டும் இருந்தன. தட்டில் கோப்பை மெல்லக் கடகடத்தது. அத்தனை கண்களும் அங்கே போயின. அவர் அதைப் பக்கத்து மேஜையில் வைத்தார்.

"எந்த நடுக்கம்? யார் சொன்னது?"

ஆள் மாறிக் கேட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். மூத்தவளின் வாய் அன்றைக்கென்று வாசல்படி தாண்டியது.

"எங்க வீட்டு இளையவ சொல்லிட்டிருந்தா."

அக்கறையோடுதான் கேட்டேன் என்று வீடு வரும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தச் சமாதானமும் கழன்றுவிட்டது.

அடுத்த வாரமே தெருமுனைப் பை இளைத்தது. டாக்டரம்மா வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார். 'அவகிட்ட ஒண்ணு சொன்னா ஊருக்கே தெரிஞ்சுடும்' என்று பேச்சுப் பரவி, இன்னும் இரண்டு டாக்டர்களும் விலகினார்கள். இளையவள் கீழே வந்து லேப் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"டாக்டரம்மா போனே எடுக்க மாட்டேங்கறாங்க, அக்கா. நேர்ல போனா, பிஸின்னு சொல்லச் சொல்றாங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்னே புரியல."

தேள் கொட்டிய திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தாள் மூத்தவள். "வேலை ஜாஸ்தியா இருக்கும். சரியாயிடும், விடு."

விலகிய இரண்டு பேரில் ஒருவர் தன் வேலையை மூத்தவளுக்கே அனுப்பினார். பை வந்தது, கொஞ்சம் தொப்பையோடுதான் வந்தது. இத்தனை நாள் ஜன்னலில் நின்று எதற்கு ஏங்கினாளோ, அது மேஜைமேல் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. "என்ன, இன்னும் அச்சு ஊத்தலையா?" என்று புருஷன் கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். மாடியில் இளையவள் நடக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கிரைண்டரை ஓட்டி அதை அமுக்கினாள். அவள் பட்டது போதும் என்று ஒரு மனசு; படட்டும் என்று இன்னொரு மனசு. இரண்டாவது மனசின் குரல் தன் குரல் மாதிரியே இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் காலையில் சிடுமூஞ்சி போன் செய்தார்.

"நீ அனுப்பின பல்லு பக்கத்துப் பல்லோட நிறத்துக்குச் சேரல. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு."

"அனுப்புங்க, பாக்கறேன்."

"என்ன, சண்டை போட மாட்டேங்கற?"

"உடம்பு சரியில்ல, டாக்டர்."

"உடம்பா? அன்னிக்கு ஹால்ல நானும்தான் நின்னுட்டிருந்தேன். உனக்கென்ன பைத்தியமா? பத்து பேருக்கு நடுவுல கேக்கிற கேள்வியா அது?"

"அவ சொல்லல. நான் ஒட்டுக் கேட்டேன்."

"அதை ஏன் என்கிட்ட சொல்ற? அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லு. போன்ல சொல்லித் தொலைக்காதே, நேர்ல போ. அந்தப் பல்லையும் சீக்கிரம் மாத்தி அனுப்பு. நோயாளி சிரிக்காம உக்காந்திருக்கான்."

அன்றைக்கே போனாள். டாக்டரம்மாவின் கிளினிக்கில் கன்னம் வீங்கியவர்களோடு வரிசையில் உட்கார்ந்து, கடைசி ஆளாக உள்ளே போனாள். டாக்டரம்மா மேஜைக்குப் பின்னால், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"என் ஓரகத்தி உங்களைப் பத்தி ஒரு வார்த்தைகூட சொல்லல. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். அவ பேர்ல பழியைப் போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"வயித்தெரிச்சல்" என்றாள்.

டாக்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு ரொம்ப நேரம் நான் தனியாத்தான் நின்னுட்டிருந்தேன். நீங்க பாத்தீங்க. அப்ப வரல."

"ஆமா."

"அவ எப்படிக் கண்டுபிடிச்சா தெரியுமா? என் அளவுகள் தொடர்ந்து கலங்கி வந்துச்சு. வேற யாரா இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பாங்க. அவ ஒரு நாள் கிளினிக் மூடற நேரத்துக்கு வந்து, 'தூக்கம் வருதா டாக்டரம்மா'ன்னுதான் கேட்டா. நானா அழுதுட்டேன்." மடியிலிருந்த கைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இப்ப நோயாளிங்ககிட்ட நானே சொல்லிட்டேன். கை வேலைக்கு வேற டாக்டரைச் சேத்துக்கிட்டேன். ஒரு விதத்துல பாரம் குறைஞ்சது. அதுக்காக உங்களுக்கு நன்றி சொல்லுவேன்னு நினைக்காதீங்க."

"இல்ல, டாக்டரம்மா."

"அவளுக்கு நானே போன் பண்றேன். உங்க லேபுக்கு இங்கேர்ந்து எந்த வேலையும் வராது."

"நான் வேலை கேட்டு வரல."

"தெரியும். இருந்தாலும் சொல்லிடறேன்."

மாடிப்படியில் வைத்துத்தான் இளையவளிடமும் சொன்னாள். இளையவள் கைப்பிடியைப் பிடித்தபடி முழுக்கக் கேட்டாள். கத்தவில்லை. "நீங்களா, அக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் சேதியெல்லாம் அண்ணன் தம்பி வழியாகத்தான் போய் வந்தது. டாக்டரம்மாவின் வேலை தெருமுனைக்குத் திரும்பியது. மூத்தவளுக்குப் பை அனுப்பிய டாக்டரிடம் அவள் உள்ளதைச் சொன்னதும், அவர் இரண்டு பேரும் வேண்டாமென்று மூன்றாவது லேபுக்குப் போய்விட்டார். இன்னொருவரும் திரும்பவில்லை. உடைந்தது எல்லாம் ஒட்டிவிடுமா என்ன?

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு மத்தியானம் இளையவள் லேபுக்குள் வந்தாள். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. அச்சில் மாட்டிய ஒரு கேப்பை மேஜைமேல் வைத்தாள்.

"ஓரம் சரியா இருக்கா, பாருங்க."

மூத்தவள் விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "சரியில்ல. உள்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது."

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. இதே மாதிரி எத்தனை போயிருக்கோ. ஒரு டாக்டர்கூட வாயைத் திறக்கல. நான் மனசு கஷ்டப்படுவேன்னு அவங்களே தேச்சு மாட்டிடறாங்களாம். டாக்டரம்மாகிட்ட சேந்த புது டாக்டர்தான் சொன்னார்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "உங்க சிடுமூஞ்சி ஒரு தடவை எனக்கும் வேலை அனுப்பினார், தெரியுமா? கொஞ்ச நாள்ல நிறுத்திட்டார். ஏன்னு கேட்டேன். 'நீ எல்லாத்துக்கும் சரி டாக்டர், சரி டாக்டர்ங்கற. உன்கூட சண்டை போட முடியல'ன்னார். தினம் காலையில இங்க போன் அடிக்கும்போது மாடியில உக்காந்து கேப்பேன். எனக்குப் பத்திக்கிட்டு வரும், அக்கா."

மூத்தவள் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். தன்னைப் பார்த்தும் ஒருத்திக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது. உள்ளே ஏதோ தித்தித்தது. அது நல்ல தித்திப்பில்லை என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் அதைச் சப்பிக்கொண்டிருந்தாள். உனக்கும் வேலை அனுப்பச் சிடுமூஞ்சியிடம் சொல்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. தன்னோடு பேசுகிற ஒரே டாக்டர். இன்றைக்கு மட்டும் தனக்கே இருக்கட்டும்.

"கிரைண்டரை எடு. எங்க தூக்குதுன்னு காட்டறேன்" என்றாள்.

ஒரு வாரம் தன்னோடு மல்லுக்கட்டிவிட்டு, பிறகு அவளே சிடுமூஞ்சிக்குப் போன் செய்தாள்.

"டாக்டர், என் ஓரகத்தி செஞ்ச கேப் ஒண்ணு அனுப்பறேன். பாத்துட்டுத் திட்டுங்க."

"நல்லா இருந்தா?"

"அப்பவும் திட்டுங்க. ஆசைப்படறா."