விளக்குக்கு ஒரு சொல்

முட்டுக்காட்டு அரங்கில் ஞாயிறு மூன்று மணிக் காட்சி. இருபத்திரண்டாவது முறையாக அதே பாட்டு நாடகம். மேடையின் இடப்பக்க மறைவில், காதில் ஹெட்செட்டும் மடியில் நாடகப் பிரதியுமாக உட்கார்ந்திருந்த ரூத்துக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறும்போதே விட்டுப்போன முதுகுதான்.

அவள் ஸ்டேஜ் மேனேஜர். ‘மேனேஜர்’ என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டு ஞானம்பாள், ஏசி அறையும் சுழல் நாற்காலியும் இருக்கும் என்று இன்னமும் நம்புகிறாள். இருப்பது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். டைரக்டர் முதல் காட்சியன்றே கழுத்தில் மாலையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நடனம் அமைத்தவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் அன்றோடு சோலி முடிந்தது. அதற்குப் பிறகு எந்த வரியில் எந்த விளக்கு, எந்தத் தாளத்தில் எந்தத் திரை என்று நாடகத்தை ஓட்டுகிறவள் இவள்தான். கைதட்டலுக்கு மட்டும் கூப்பிட மாட்டார்கள்.

அரங்கின் பின்கோடியில், கண்ணாடி அறைக்குள் விளக்குகளை இயக்குகிறவன் சின்னையன். ரூத் எண்ணைச் சொல்லி ‘ரெடி’ என்பாள். அவனும் ‘ரெடி’ என்பான். பிறகு ஒரு சொல் விழும், பொத்தானை அமுக்குவான். மற்ற குழுக்களில் அந்தச் சொல் ‘கோ’. இங்கே நாயகியின் பெயர் கோகிலா. ஒத்திகையில் “கோகிலா எங்க?” என்று ஹெட்செட்டில் யார் கேட்டாலும் மேடை இருண்டு வெளுத்தது. தலையில் அடித்துக்கொண்டு ரூத் அதை ‘போ’ என்று மாற்றினாள். மாற்றிய கையோடு ஒரு சட்டமும் போட்டாள்: விளக்குக்குத் தவிர வேறெதற்கும் ஹெட்செட்டில் ‘போ’ வரக் கூடாது. அன்றுமுதல் போன் ‘செல்’ ஆயிற்று. இடைவேளைப் போண்டா ‘உருண்டை’ ஆயிற்று.

இன்று காட்சி தொடங்குமுன் சின்னையன் ஒரு சேதி சொன்னான். ஏதோ பயணிகள் கப்பலில் தினம் பாட்டு நாடகம் போடுகிறார்களாம். விளக்குக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷ வேலை. ஐந்து மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

“நீ இன்னா சொல்றியோ அதாங்க்கா,” என்றான்.

அவள் பிரதியின் முதல் பக்கத்தைத் திறந்தாள். ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் பிந்தாத விரல் அது. அவன் கிளம்பிவிட்டால் நூற்றி நான்கு விளக்கு மாற்றங்களையும் புது ஆளுக்கு முதலிலிருந்து பழக்க வேண்டும். நினைத்தாலே அழுகை வந்தது. பாசம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதில் பாதி அலுப்பு.

“லைட்டு அறுவத்தி மூணு, ரெடி.”

“ரெடிக்கா.”

அறுபத்து மூன்று என்றால் முழு இருட்டு. கடலுக்குப் போன படகு திரும்பாமல் கோகிலா பாடும் பாட்டு. இன்னும் நான்கு வரி பாக்கி. அந்த நான்கு வரிக்குள் ரூத்தின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“போகாத, சின்னையா.”

முதல் எழுத்திலேயே விரல் இறங்கிவிட்டது. அரங்கம் கும்மிருட்டானது. நுணலும் தன் வாயால் கெடும். சட்டம் போட்டவளே கெட்டாள். கோகிலாவாக நடித்த ஜெனிஃபர் ஒரு கணம் தடுமாறி, இருட்டிலேயே நான்கு வரியையும் பாடி முடித்தாள். ஜனம் அதுவும் நாடகம்தான் என்று நினைத்துக் கைதட்டியது.

“என் கை தவறிச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதிக்கோக்கா,” என்றான் சின்னையன். கொஞ்சம் பொறுத்து, “அப்ப கப்பல்காரன்ட்ட வேணான்னு சொல்லிட்றேன்.”

“இரு. ஆட்டம் முடியட்டும்.”

அவன் கை தவறவில்லை. ஒன்பது வருஷம் அவள் வாயையே பார்த்திருந்த கை அது. இப்போது பிழைப்பையும் அதே வாயில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். ‘இரு’ என்றால் இருந்தேவிடுவான். நினைக்க நினைக்க ரூத்துக்குத் தன்மேல் வெட்கமாக இருந்தது.

நாலு ஐம்பதுக்கு நூற்றி நான்காவது விளக்கையும் சொல்லி முடித்தாள். அரங்கம் வெளிச்சமானது. நடிகர்கள் வரிசையாக வணங்கினார்கள். நூற்றி ஐந்து என்று ஒரு விளக்கு கிடையாது.

“சின்னையா, ரெடி,” என்றாள் ரூத்.

“ரெடிக்கா. எத்தினியாவது?”

அவள் எண் சொல்லவில்லை.

“போ.”

அமுக்குவதற்கு அவனிடம் பொத்தான் எதுவும் இல்லை. “சரிக்கா,” என்றான்.

ரூத் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அன்றைய ரிப்போர்ட்டை எழுத உட்கார்ந்தாள். அறுபத்து மூன்றாவது விளக்கு நான்கு வரி முந்தியது. தவறு, ஸ்டேஜ் மேனேஜருடையது. கீழே, அடுத்த காட்சிக்குத் தேவையானவை என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதினாள்: விளக்குக்கு ஆள்.