ஏழடி மனிதன் வாசலில் நிற்கிறான்

1.

இந்தக் கதை என் பல் மருத்துவரின் நாற்காலியில் பிறந்தது. அவர் எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணியான ஹாமில்டன் நாரைகளின் தீவிர பக்தர். என் கடைவாயில் ஊசியைப் போட்டுவிட்டு, அது மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில் மனத்தாங்கலைக் கொட்டினார்.

"எவனும் வர மாட்டேங்கிறான் சார். அமெரிக்காவுல நல்ல ஆட்டக்காரனா பாத்துக் கூப்பிட்டா, 'கனடாவா?'ன்னு கேட்டுட்டு ஃபோன வெச்சிடறான். ஏன்னு நெனைக்கிறீங்க?"

நான் "ஆ" என்றேன்.

"அதேதான். வரி."

"ஆ."

"குளிரும்தான், ஒத்துக்கறேன்."

"ஆஆ."

"கரெக்டா சொன்னீங்க, எல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பாஸ்போர்ட்டத் தூக்கிட்டு வரிசையில நிக்கணும்னா எவனுக்குப் பிடிக்கும்?"

மூன்றும் தவறு. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்து வைத்திருப்பவனால் பேச முடியாது. மரப்பு நீங்கி வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். ஆக, இது கதை இல்லை. தாமதமாகச் சொல்லப்படும் பதில்.

2.

தொடக்கங்கள்:

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்... [வேண்டாம். கனடாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். பனி பின்னால் தானாகவே வரும், அதைத் தடுக்க என்னால் முடியாது.]

டக் ரென்னி தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பொய் சொன்னார், அதுவும்... [வேண்டாம். என்ன பொய் என்று கேட்பீர்கள். எனக்கே தெரியாது.]

டக் ரென்னியின் வேலை ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

இது இருக்கட்டும்.

ரென்னி நாரைகள் அணியின் மேலாளர். ஆட்டக்காரர்களைப் பிடித்துக்கொண்டு வருவது அவர் பொறுப்பு. அணியின் முதலாளி ஹெர்ப் ஸ்டாண்டிஷ் உறையவைத்த பட்டாணி விற்றுப் பணக்காரர் ஆனவர். அவர் நெடுஞ்சாலை ஓரத்தில் வீட்டளவு விளம்பரப் பலகை ஒன்றை முன்கூட்டியே வைத்துவிட்டார்: "ஏழடி வருகிறான்!" எவன் வருகிறான் என்பதற்கான இடம் காலியாக இருந்தது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ஏழடி ஆளு ஒருத்தன் வந்தாகணும் டக்," என்றார் ஸ்டாண்டிஷ். "இல்லன்னா உன் நாற்காலியில என் மாப்பிள்ளை உக்காருவான். பாவம், அவனும் சும்மாதான இருக்கான்."

3.

முதல் வரைவில் ரென்னிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆட்டக்காரனை வீட்டுக்கு அழைத்தவர் டப்பா சூப்பைச் சூடாக்கி வைத்தார். எனக்கே மானம் போனது. அதனால் அவருக்கு மனைவியாகக் கொலீனைக் கொண்டுவந்தேன். வந்த நாளிலிருந்து அவள் என் பேச்சைக் கேட்பதில்லை.

ரென்னிக்கு ஒரு வழிமுறை இருந்தது. மற்ற அணிகள் ஆட்டக்காரனை உல்லாசப் படகில் ஏற்றும், பாடகிக்குப் பக்கத்தில் உட்காரவைக்கும். ரென்னியிடம் படகும் இல்லை, பாடகியும் இல்லை. அவர் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார். "நம்மகிட்ட இருக்கறது மரியாதை மட்டுந்தான். அத வீட்டு வாசல்லேர்ந்தே காட்டிடணும்," என்பார். கொலீன் மாட்டிறைச்சி வாட்டி, வெண்ணெய்ப் பணியாரம் சுட்டு, விருந்தாளியின் அளவு கேட்டுக் கம்பளிச் செருப்பும் பின்னி வைப்பாள். ஒவ்வொன்றும் சிறு தோணி போல இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் யாரும் சேரவில்லை. டல்லஸிலிருந்து வந்தவன், வாசலில் நின்றபடியே தன் நாய்க்கு உடம்பு சரியில்லை என்று ஞாபகம் வந்து திரும்பினான்.* பீனிக்ஸிலிருந்து வந்தவன் கால்மிதியில் நின்றுகொண்டு எங்கள் மாகாணமான ஒன்டாரியோவின் வரிவிதிப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனான். மூன்றாமவன் குளிர் தாங்கவில்லை என்றான்.**

* அவனிடம் நாய் இல்லை.
 ** அது ஆகஸ்ட் மாதம்.

4.

சனிக்கிழமை மாலை லமான்ட் பிக்கெட் வந்தான். (பனியும் வந்தது. சொன்னேன் அல்லவா.) அலபாமாக்காரன், முப்பத்து நான்கு வயது, அதிகாரபூர்வமாக ஏழடி. கதவைத் திறந்த ரென்னிக்கு முதலில் தெரிந்தது கோட்டுப் பொத்தான்கள்தான். தலை எங்கோ பனிக்குள் இருந்தது. குனிந்து, வாசற்படி தாண்டி, கால்மிதியில் நின்றான். கதவை மூட வழியில்லை, அவன் குதிகால் இன்னும் வெளியே இருந்தது.

"வாய்யா லமான்ட், வா வா," என்றார் ரென்னி.

கொலீன் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். "வாங்க தம்பி. ஷூவ மட்டும் கதவோரம் இருக்கற ஷூத் தட்டுல கழட்டி வெச்சிட்டு வாங்க."

லமான்டின் சிரிப்பு அப்படியே நின்றது.

"மேடம், சாக்ஸ்ல ஓட்ட இருக்கு."

"அதுக்கென்ன, புதுச் செருப்பு பின்னி வெச்சிருக்கேன்."

"கால் கொஞ்சம் நாறும் மேடம்."

"எங்க வீட்டுக்காரரோடத விடவா?"

"டாக்டர் கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டரு?"

லமான்ட் யோசித்தான். "பல்லு டாக்டர்."

[என் பல் மருத்துவர் இந்தக் கதைக்குள் எப்படி வந்தார் என்று தெரியவில்லை. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அவரிடம் எனக்கு இன்னும் ஒரு பல் பாக்கி இருக்கிறது. இருக்கட்டும்.]

ரென்னி சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அப்போது கதவோரக் கூடையைப் பார்த்தார். அதில் டல்லஸ்காரனுக்குப் பின்னிய பச்சைச் செருப்பு, பீனிக்ஸ்காரனுக்குப் பின்னிய சிவப்பு, ஆகஸ்டில் குளிரில் நடுங்கியவனுக்குப் பின்னிய நீலம். எதிலும் ஒரு கால் கூட நுழைந்ததில்லை. இந்தக் கால்மிதியைத் தாண்டி யாருமே உள்ளே வந்ததில்லை.

5.

கதையை இங்கே நிறுத்தி ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டில் வீட்டுக்குள் காலணியோடு போவது மகாபாவம். பிரதமரானாலும் குழாய் ரிப்பேர்காரரானாலும் வாசலில் கழற்றியாக வேண்டும். எங்கள் தெருவில் திருட வந்த ஒருவன் தன் பூட்ஸைத் தட்டில் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் திருடினான். போகும் அவசரத்தில் வீட்டுக்காரரின் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் மாற்றிக்கொள்ள வந்தபோது பிடிபட்டான். இது சத்தியம், நானே அவனுக்குத் தேநீர் கொடுத்தேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் அப்படி இல்லை. விருந்துக்குப் போனாலும் காலணியோடு போய், காலணியோடு உண்டு, காலணியோடு திரும்பலாம். இந்தக் கதையில் வரும் கூடைப்பந்துச் சங்கத்தில் ஆட்டக்காரனின் உயரத்தையும் காலணியோடுதான் அளக்கிறார்கள். மற்ற சங்கங்களைப் பற்றி நீங்கள் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் பல் மருத்துவருக்குப் பதில் கிடைத்துவிடும்.

6.

கொலீன் அடுப்பைப் பார்க்கப் போன சமயத்தில் லமான்ட் ரென்னியின் காதுவரை குனிந்தான்.

"சார், நான் ஏழடி இல்ல."

"எவ்ளோ கம்மி?"

"ரெண்டர இஞ்சு. ஷூவுக்குள்ள மூணு அட்ட சொருகியிருக்கேன்."

"ஏன்யா இப்படி?"

"ஆறடி ஒம்பதரன்னா பத்தோட பதினொண்ணு சார். ஏழடின்னா திரும்பிப் பாப்பாங்க. மொத கோச்சு எழுதினாரு, அப்டியே நின்னுடுச்சு. என் பொண்டாட்டிக்கே தெரியாது."

"தூங்கும்போது?"

"படுத்துட்டா யாரு சார் அளக்கறா?"

ரென்னி லமான்டின் ஷூவைப் பார்த்தார். இவனுடைய ஆட்டத்தை அவர் பத்து வருடமாகப் பார்க்கிறார். கூடைக்கு அடியில் இவன் நின்றால் எவனும் கிட்டே வரமாட்டான். பந்துக்கு இரண்டரை அங்குலம் தெரியாது. ஸ்டாண்டிஷுக்குத் தெரிந்துவிடும். கையெழுத்தான மறுநாளே புது ஆட்டக்காரனைத் தன் வீட்டுக்கு அழைப்பார். அங்கே விரித்திருப்பது வெள்ளைக் கம்பளம்.

"வேற எந்த டீமும் கூப்பிடலையா?" என்றார்.

"முட்டி ரெண்டும் போயிடுச்சுன்னு ஊருக்கே தெரியும் சார். ஒயரத்துக்காகத்தான் நீங்களும் கூப்ட்டீங்க. நீங்களும் வேணாம்னா நான் எங்க ஊரு மொபீலுக்குப் போயி மச்சான் கார் கடையில நிக்க வேண்டியதுதான். அங்கயும் அவன் ஏழடின்னு போர்டு வெப்பான்."

7.

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் ரென்னி, "ஷூவோடயே வாய்யா," என்கிறார். கொலீன் ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு முறை திருத்தி எழுதினேன். நான்கு முறையும் வாட்டிய இறைச்சியை எடுத்துக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டாவதில் ரென்னி முதலாளியிடம் உண்மையைச் சொல்கிறார். திங்கட்கிழமை மாப்பிள்ளை நாற்காலியில் உட்காருகிறான், வியாழக்கிழமைக்குள் ஒரு ஏழடி ஆளைப் பிடித்தும் விடுகிறான். அந்த ஆள் உண்மையிலேயே ஏழடி. ஆடத்தான் தெரியாது. வருடக் கணக்கில் அந்தப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறான்.

மூன்றாவதில் ரென்னிக்கு ஒரு யோசனை வருகிறது. பலகையில் லமான்டின் நிஜ உயரத்தை சென்டிமீட்டரில் போட்டுவிடலாம்: "இருநூற்றேழு வருகிறான்!" பட்டாணி விற்றவருக்குப் பெரிய எண் என்றால் உயிர். ஏழு எங்கே, இருநூற்றேழு எங்கே? வேலை தப்பியது, லமான்ட் தப்பினான், சாப்பாடும் ஆறவில்லை. எல்லாரையும் காப்பாற்றுகிற முடிவு என்பதால் எனக்கு இதில் சந்தேகம். தவிர, லமான்ட் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, "சார், அதையும் ஏழடிக் கணக்குல இருநூத்திப் பதிமூணுன்னு போட்ரலாமா?" என்று கேட்கிறான்.

ஆகவே நான் விலகிக்கொள்கிறேன். கையெழுத்துப் போடவேண்டிய தாள் ரென்னியின் மேல்கோட்டுப் பையில் இருக்கிறது. லமான்ட் குனிந்துவிட்டான். ஒரு காலணியின் முடிச்சு அவிழ்ந்துவிட்டது, மற்றதன் மேல் விரல் இருக்கிறது. அவிழ்க்கவா, இறுக்கவா என்று நிமிர்ந்து பார்க்கிறான். ரென்னி என்னைப் பார்க்கிறார், நான் உங்களைப் பார்க்கிறேன். திறந்த கதவு வழியாகப் பனி கால்மிதி வரை வந்தாகிவிட்டது.

"ஒண்ணு உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க!" உள்ளேயிருந்து கொலீன் கத்துகிறாள். "ஹீட்டரப் போட்டுத் தெருவுக்கெல்லாம் நாமளா சூடு குடுக்கறோம்?"

ரென்னி என்ன சொல்லவேண்டும்? யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள். அடுத்த தடவை கத்தும்போது அவள் நேரில் வந்துவிடுவாள், அப்புறம் முடிவு உங்கள் கையிலும் இருக்காது.